நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 3

"திருடு போனது என்ன?" என்று கேட்டார் சாம்பல் மேடம்.

"ஒரு ஃபைல்," என்றார் என் ஹவுஸ் ஓனர்.

"எடுத்தது யாருன்னு சொல்றாங்க?"

"நான்தான்னு."

சொல்லிவிட்டு ஓனரக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். எட்டு மாதமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். குழாயை ஒரு சுற்று அதிகம் திறந்தால் கீழே இருந்து குரல் வரும். அப்பேர்ப்பட்டவர் இன்று என் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மேடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்வையிட்டவர். தீ தானாகப் பிடித்ததா, தீப்பெட்டி பிடித்ததா என்று சாம்பலைக் கிளறிச் சொல்லிவிடுவார். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் கூடவே ஒரு மடக்கு ஸ்டூல் வரும். எரிந்த கடையில் உட்கார இடம் இருக்காது என்பதால் வந்த பழக்கம். இப்போது ஒரு சலவைக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் உதவியாளன். போன் எடுப்பது, நகல் எடுப்பது, கேட்காத கருத்தைச் சொல்வது என் வேலை.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

ஓனரக்கா மாநகராட்சிப் பதிவறைப் பொறுப்பாளர். முப்பத்தொரு வருட சர்வீஸ். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு தகவல் மனு அவர் மேசைக்கு வந்தது. ஆறாவது மாடியில் புதிதாகத் திறந்திருக்கும் 'வெளிப்படை நிர்வாக அரங்கத்துக்கு' எவ்வளவு செலவானது என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் 114-ஆம் எண் கோப்பில் இருந்தது. அலமாரியில் 113 இருந்தது, 115 இருந்தது. நடுவில் காற்று இருந்தது.

"துணை ஆணையர் லெட்டரே டைப் பண்ணி வெச்சிருக்காரு. என் கவனக்குறைவால ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"வேலை போயிடும். பென்ஷனும் போயிடும்."

"போடலேன்னா?"

"திருட்டுன்னு போலீஸ்ல கொடுப்பாராம்."

"ரெண்டும் நல்ல ஆஃபர்தான்," என்றேன். மேடம் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"அதென்ன நாலு மணி?"

"வெளியூர் மேயருங்க பத்துப் பேரு அரங்கத்தைப் பார்க்க வராங்க. அங்க ஒரு பெரிய ஸ்கிரீன் இருக்கு. நிலுவையில் உள்ள மனுக்கள்னு போட்டு பக்கத்துல ஒண்ணுன்னு காட்டுது. அந்த ஒண்ணு இதுதான். நான் கையெழுத்துப் போட்டா, ஃபைல் தொலைஞ்சதுன்னு பதில் அனுப்பிடுவாரு. ஸ்கிரீன்ல பூஜ்யம் வந்துடும்." ஓனரக்கா கண்ணைத் துடைத்தார். "எவன் அந்த மனுவைப் போட்டானோ, அவன் கை விளங்காமப் போகட்டும்."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்குப் புரையேறியது.

ஏனென்றால் அந்தக் கை இதோ, டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் புரட்சிக்காரன் இல்லை. பிழைக்க வந்த ஊரில் ஆபீஸ் கவுண்டரைப் பார்த்தாலே சட்டைப் பையைத் தொட்டு எல்லாக் காகிதமும் இருக்கிறதா என்று பார்ப்பவன். முகவரிச் சான்று வாங்கப் போனேன். அரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. கடைசியில் ஒரு படிவத்தை நீட்டி, 'தங்கள் கேள்வி என்ன?' என்றார்கள். முழங்கால் வலியில் எழுதிவிட்டேன்: 'இந்த அரங்கத்துக்கு எவ்வளவு செலவானது? அதில் ஒரு நாற்காலி வாங்கியிருக்கக் கூடாதா?' குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். அது என் ஹவுஸ் ஓனர் மேசைக்குப் போயிருக்கிறது.

"மனு போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

"எப்படித் தெரியும்? பேரும் விலாசமும் ஒட்டின கவர்ல தனியா வரும். பதில் அனுப்பறப்போதான் பிரிக்கணும். வெளிப்படை நிர்வாகத்துல அது ரகசியம்."

மேடம் ஸ்டூலை மடக்கினார். "மணி ஒண்ணு. கிளம்பு தம்பி. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

"கீழ இஸ்திரி போடறாங்க மேடம். ஆவி மேல வருது."

"இன்னிக்குச் சலவைக் கடை லீவு," என்றார் மேடம், படியிறங்கிக்கொண்டே.

*

அரங்கம் ஆறாவது மாடியில், பதிவறை தரைக்கு இரண்டு தளம் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட். நாலு மாதமாக ஓடாத அந்த லிஃப்டின் கதவில், போன வாரத் தேதியோடு ஒரு சான்றிதழ் ஒட்டியிருந்தது: 'சோதிக்கப்பட்டது. சிறப்பாக இயங்குகிறது.'

படியில் இறங்கினோம்.

பதிவறையில் ஓனரக்கா வேறு ஆளாக நிமிர்ந்தார். அலமாரி அலமாரியாகக் கோப்புகள். ஒவ்வொன்றும் வெள்ளை நாடாவால் கட்டப்பட்டு, முடிச்சு ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. எனக்கு அந்த முடிச்சை நன்றாகத் தெரியும். வீட்டில் பழைய பேப்பர், குப்பைப் பை, என் வாடகை ரசீதுக் கட்டு எல்லாவற்றுக்கும் அதே முடிச்சுதான். இரண்டு முறுக்கு, வால் உள்ளே. அதை அவிழ்க்க எனக்கு ஊக்கு வேண்டும். ஒரு முறை பல்லால் முயன்று பல் தோற்றது.

"ஏன்க்கா இப்படி இறுக்கிக் கட்டறீங்க?" என்றேன்.

"அவிழக் கூடாதுன்னுதான் கட்டறது. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ சொன்னாங்க, ஃபைலைப் பாதுகாக்கறதுதான் வேலை, படிக்கறது இல்லேன்னு. முப்பத்தொரு வருஷத்துல ஒண்ணையும் பிரிச்சுப் படிச்சதில்ல நான்." அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மேடம் காலியிடத்தின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாம்பல் முன்னால் உட்காருவது இப்படித்தான் இருந்திருக்கும்.

"துணை ஆணையர் இங்க வந்தாரா?"

"வராம? ஃபைல் காணோம்னதும் ஓடி வந்தாரு. இந்த ரேக்குல இல்லேன்னதும், அவரே கோட்டைக் கழட்டி வெச்சுட்டு மத்த நாலு ரேக்கைக் குடைஞ்சாரு. தும்மித் தும்மிப் போனாரு."

"அப்போ அவர் எடுக்கல," என்றார் மேடம்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "மேடம், அரங்கம் கட்டினது அவரு. கணக்கு வெளிய வந்தா மாட்டறதும் அவரு. முழு மார்க் அவருக்குத்தானே?"

"எரிச்சவன் தும்மற வரைக்கும் சாம்பலைக் கிளற மாட்டான் தம்பி. எங்க என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியும். இந்த ஆளு நிஜமாவே தேடியிருக்காரு. கிடைக்கலேன்னதும், அட, இதுவும் நல்லதுதான்னு லெட்டர் டைப் பண்ணிட்டாரு." மேடம் விரலால் பக்கத்துக் கோப்புகளைத் தொட்டார். "இங்க பாரு. நூத்தியெட்டு தலைகீழா இருக்கு. நூத்திப் பதினொண்ணும் தலைகீழ். நூத்திப் பதினாறு முதுகைக் காட்டிட்டு நிக்குது. அம்மா, இது நீங்க வெச்சதா?"

ஓனரக்காவின் முகம் சிவந்தது. "நானா? என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு? காலியிடத்தைப் பார்த்த அதிர்ச்சியில பக்கத்துல இருக்கறதைக் கவனிக்கல."

"நம்பர் தெரிஞ்சு வந்தவன் ஒண்ணைத்தான் உருவுவான். இவன் நாலஞ்சை எடுத்துப் பார்த்திருக்கான். வேண்டாம்னு திருப்பி வெச்சிருக்கான். தக்காளிக் கூடை முன்னாடி நிக்கற மாதிரி நின்னு பொறுக்கியிருக்கான்."

"ஃபைல்ல என்னத்தைப் பொறுக்கறது?"

"நூத்திப் பதினாலு பார்க்க எப்படி இருக்கும்?"

ஓனரக்கா யோசித்தார். "புது அட்டை. நல்ல தடிமன். கறை கிடையாது. இந்த வரிசையிலேயே அதுதான் லட்சணமா இருக்கும்."

"அதான். படிக்கறதுக்கு எடுக்கல. பார்க்கறதுக்கு எடுத்திருக்கான்." மேடம் குனிந்து அலமாரிப் பலகையின் விளிம்பை உற்றுப் பார்த்தார். அங்கே இரண்டு பென்சில் கோடுகள். பட்டையான, தடித்த கோடுகள். நடுவில் ஒரு கோப்பின் நீளம். "இந்தக் கோடு எழுதற பென்சில் இல்ல. காதுல சொருகற பென்சில். அம்மா, இங்க தச்சர் யாராவது வந்தாங்களா?"

"ரேக்குக் கால் ஒடைஞ்சதுன்னு சொல்லி ஆபீஸ் தச்சர் வந்தாரு. ரெண்டு மாசம் இருக்கும். நான் சாப்பிடப் போயிருந்தேன். நல்ல மனுஷன், அவரு எதுக்கு..."

"எப்போ?"

ஓனரக்கா விரல் விட்டு எண்ணினார். "அரங்கம் திறக்கறதுக்கு முந்தின நாள்."

*

தச்சர் கட்டடத்தின் பின்பக்கக் கொட்டகையில் புகார்ப் பெட்டி செய்துகொண்டிருந்தார். எட்டு முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது.

"எதுக்குண்ணே இத்தனை?" என்றேன்.

"பழைய ஒன்பதும் நிறைஞ்சு போச்சு தம்பி."

"தொறந்து எடுத்தா காலியாயிடுமே."

"சாவி தொலைஞ்சு போச்சு. அதான் புதுப் பெட்டிக்கு ஆர்டர்."

"இதுக்குச் சாவி?"

"அது தனி ஆர்டர். இன்னும் வரல."

மேடம் அவருடைய காதிலிருந்த பென்சிலை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்டூலைப் போட்டார். "பதிவறை ரேக்குல கோடு போட்டிருக்கீங்க. என்னத்தை அளந்தீங்க?"

"கோடா?" தச்சர் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "ஓ, அதுவா. கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சேன்மா. மேல அரங்கத்துக்கு. உள்ள வைக்கற சாமான் கொள்ளுமான்னு அளந்து பார்த்தேன். ஏன், ரேக்கு வீணாப் போச்சா?"

"என்ன சாமான்?"

தச்சர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மாநகராட்சியில் இருபது வருடம் இருந்தவருக்கு, கேள்வி எங்கே போகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டது. "நான் செஞ்சது பெட்டிம்மா. மேலே போய்ப் பாருங்க. நான் ஒண்ணும் திருடல. கொண்டு வான்னாங்க, கொண்டு போனேன்."

"யாரு கொண்டு வரச் சொன்னது?"

"அரங்கத்துக் காண்ட்ராக்டர். மறுநாள் திறப்பு விழா, பெட்டி காலியா இருக்கு, மனுஷன் தலையில கைய வெச்சுட்டு நிக்கறாரு. பாவமா இருந்துச்சு."

மேடம் எழுந்தார். "நாலு மணிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரோட மேல வருவீங்களா?"

"எதுக்கு?"

"ஒரு அம்மாவோட பென்ஷனைக் கழட்டி எடுக்கணும். நாலஞ்சு ஸ்க்ரூதான் இருக்கும்."

*

ஆறு மாடி ஏறினோம். மேடத்தின் ஸ்டூல் என் தோளில். மூன்றாவது மாடியில் என் முழங்கால் அந்தப் பழைய மூன்று மணி நேரத்தை நினைவுபடுத்தியது.

அரங்கத்துக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். கண்ணாடி வழியாக வெயில் அடித்ததால் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். கறுப்புத் தாள் பார்க்க நன்றாக இல்லை என்று அதன் மேல் திரை போட்டிருந்தார்கள். திரை போட்டதும் உள்ளே இருட்டாகிவிட்டதால் பட்டப்பகலில் நாற்பது விளக்கு எரிந்தது. விளக்குச் சூட்டுக்கு ஏசி ஓடியது. ஒவ்வொன்றும் ஒரு தனி பில் என்று எனக்குத் தோன்றியது.

எதிர்ச்சுவரில் ஸ்கிரீன். 'நிலுவையில் உள்ள மனுக்கள்: 1'. அந்த ஒன்றைப் பார்க்க எனக்கு என் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது.

வாசலில் காவலாளி. "ஸ்டூலு உள்ள போகக்கூடாதுங்க."

"ஏன்?"

"உட்காருவீங்க."

"உட்கார்ந்தா என்ன?"

"உட்காரக் கூடாதுன்னு ரூல் இல்லைங்க. உட்கார எதுவும் இல்ல, அதனால யாரும் உட்காரல. நீங்க ஒருத்தர் உட்கார்ந்தா எல்லாரும் கேப்பாங்க."

"அப்போ இது ஸ்டூல் இல்ல, ஊன்றுகோல்," என்று மேடம் அதை ஊன்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். காவலாளி அதற்கு என்ன ரூல் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

அரங்கத்தின் நட்டநடுவில், தனி விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டி. அன்று மூன்று மணி நேரமும் வரிசையில் முன்னால் நின்றவர் முதுகைத்தான் பார்த்திருந்தேன். அதன் மேல் பித்தளைப் பலகை: 'இங்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை. தயவுசெய்து தொடாதீர்கள்.' பெட்டிக்குள் வெல்வெட் துணி. துணி மேல் புது அட்டை போட்ட, தடிமனான, கறையில்லாத ஒரு கோப்பு. அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மாதிரிக் கோப்பு'.

கோப்பைச் சுற்றி ஒரு வெள்ளை நாடா.

கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தேன். "மேடம். முடிச்சைப் பாருங்க. ரெண்டு முறுக்கு. வால் உள்ள."

"நிச்சயமா?"

"என் பல்லைக் கேளுங்க."

மேடம் பெட்டியைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தார். "உங்க ஓனரம்மா இதைப் பார்க்கவே இல்லையா? ரெண்டு மாசமா இங்கதானே இருக்கு?"

காவலாளி பின்னால் இருந்து பதில் சொன்னார். "ஊழியர்களுக்கு அனுமதி இல்லைங்க. இது பொதுமக்களுக்கான அரங்கம்."

"பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"சாவிக் குழுகிட்டங்க."

"குழுவுல யார் யாரு?"

"குழு இன்னும் போடலைங்க."

மணி மூன்று நாற்பது. நான் ஓனரக்காவுக்குப் போன் போட்டேன். ஒரே வாக்கியம்தான் சொன்னேன்: "அக்கா, லெட்டர்ல கையெழுத்துப் போடாதீங்க, அவர் கூப்பிட்டா, மேலதான் போடுவேன்னு சொல்லுங்க."

"என்னை உள்ள விடமாட்டாங்களேடா மாடி." அவர் குடித்தனக்காரர்களைத் தளத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்.

"துணை ஆணையரே கூட்டிட்டு வருவாரு. கையெழுத்து அவருக்குத்தானே அவசரம்."

*

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது துணை ஆணையர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. பின்னால் பத்து மேயர்கள், ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்போடு. அவர்களுக்குப் பின்னால் உதவியாளர் ஒருவர், லெட்டரோடு. கடைசியில் ஓனரக்கா, பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏறச் சொன்ன பிள்ளை மாதிரி.

"ஒரு நிமிஷம், சின்ன அலுவலக வேலை," என்று மேயர்களிடம் சிரித்துவிட்டு, துணை ஆணையர் ஓனரக்கா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "போடும்மா சீக்கிரம்."

ஓனரக்கா பேனாவை வாங்கினார். அவர் கண் அரங்கத்தைச் சுற்றி வந்து, பெட்டியில் விழுந்து, அங்கேயே நின்றது. பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

அதே நேரம், மேயர்களில் பெரியவராக இருந்த ஒரு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உட்கார எதுவுமே இல்லையா இங்க?"

மேடம் தன் ஸ்டூலை விரித்துப் போட்டார். மேயரம்மா உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சோடு அவர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

"அது என்ன ஃபைலுங்க?" என்று மேடம் துணை ஆணையரிடம் வெகுளியாகக் கேட்டார்.

"மாதிரிக்கு வெச்சிருக்கோம். எங்க ஃபைல்கள் எல்லாம் எப்படித் திறந்த புத்தகமா இருக்குன்னு காட்டறதுக்கு."

"கட்டியிருக்கே," என்றார் மேயரம்மா.

"வெறும் தாள்தான்மா உள்ள."

"வெறும் தாள்னா பிரிச்சுக் காட்டறதுல என்ன சங்கடம்?" என்றார் மேடம். "எதுவும் மறைக்கப்படுவதில்லைன்னு போட்டிருக்கே."

பத்து மேயர்களும் பலகையைப் படித்தார்கள். துணை ஆணையர் மறுபடி சிரித்தார். வெற்றுத் தாளைக் காட்டுவதில் அவருக்கு உண்மையிலேயே பயம் இல்லை. "தாராளமா. ஆனா சாவி மட்டும்..."

"பெட்டி செஞ்சவனுக்குச் சாவி எதுக்குங்க?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து தச்சர் வந்தார். அடிப்பக்கம் நாலு ஸ்க்ரூ. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

துணை ஆணையர் கோப்பைக் கையில் எடுத்து முடிச்சை இழுத்தார். அது இன்னும் இறுகியது. நகத்தால் முயன்றார். ஒரு பேனாவின் முனையை விட்டுப் பார்த்தார். பேனா வளைந்தது. மேயர்களில் இருவர் யோசனை சொன்னார்கள். நான் பல் யோசனையை மட்டும் சொல்லவில்லை.

ஓனரக்கா லெட்டரைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். கோப்பை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, சுட்டுவிரலால் ஒரு தள்ளு. நாடா விழுந்தது.

"எப்படிம்மா இவ்வளவு சுலபமா?" என்றார் துணை ஆணையர்.

"இது நான் போட்ட முடிச்சு சார்."

'மாதிரிக் கோப்பு' என்ற தாளின் மூலையைப் பிடித்து அவர் உரித்தார். கீழே, அவருடைய அச்சடித்தது போன்ற கையெழுத்தில், 114.

துணை ஆணையரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

"இந்த ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னுதான் இந்தம்மா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது," என்றார் மேடம் மேயர்களிடம். "சார் தினமும் இது பக்கத்துல நின்னுதான் வர்றவங்களுக்கு விளக்கம் சொல்றாரு. அவர் இதை ஒளிச்சு வெக்கல. தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு, கீழே."

"அப்போ இங்க எப்படி வந்தது?" என்று கேட்டார் மேயரம்மா. கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். ஓனரக்கா கோப்பைக் கொடுத்தார். மேயரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மேல் தாளை உரக்கப் படித்தார்.

"கண்ணாடிச் சுவர், நாலு பக்கம். கறுப்புத் தாள், நாலு பக்கம். திரை, நாலு பக்கம். விளக்கு, நாற்பது." ஒவ்வொன்றுக்கும் எல்லோருடைய கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. "மாதிரிக் கோப்பு, ஒன்று, வெற்றுத் தாள் இருநூறுடன். எண்பத்தைந்தாயிரம். நல்ல நிலையில் பெறப்பட்டது. கீழ உங்க கையெழுத்து இருக்கே சார்."

"வந்துடும்னு சொன்னாங்க, அதனால முன்னாடியே..." என்றார் துணை ஆணையர்.

"வரல," என்றார் மேடம். "காசு போச்சு, மாதிரி ஃபைல் வரல. மறுநாள் திறப்பு விழா. காண்ட்ராக்டருக்கு இருநூறு வெள்ளைத் தாளும் ஒரு அட்டையும் வாங்க மனசு வரல. கீழ போய்ப் பார்க்க லட்சணமா ஏதாவது ஒண்ணு கொண்டு வான்னு சொல்லியிருக்காரு. தச்சர் நம்பரைப் பார்க்கல, அழகைப் பார்த்தாரு. இருக்கறதுலேயே புதுசு இந்த அரங்கத்தோட ஃபைல்தான். பெரிய கணக்கை மறைக்கறதுக்காக யாரும் இதை எடுக்கல. ஒரு வெள்ளைத் தாள் கட்டுக்கு ஆசைப்பட்டு, மொத்தக் கணக்கையும் கொண்டு வந்து விளக்குப் போட்டு வெச்சுட்டாங்க."

மேயரம்மா இன்னும் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார். ஸ்டூலிலிருந்து எழுந்து, அந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"பொதுமக்கள் அமர நாற்காலி," என்று படித்தார். "மெத்தை வைத்தது. அறுபது. நல்ல நிலையில் பெறப்பட்டது."

இருபது மேயர்க் கால்களும் ஒரே நேரத்தில் வலிக்க ஆரம்பித்தது போல எல்லோரும் நின்ற இடத்தில் அசைந்தார்கள்.

ஓனரக்கா இடுப்பில் சொருகியிருந்த சின்னப் புத்தகத்தை எடுத்தார். பதிவறையிலிருந்து கோப்பு வெளியே போனால் கையெழுத்து வாங்கும் புத்தகம். ஒரு பக்கத்தைத் திருப்பி, துணை ஆணையரிடம் நீட்டினார்.

"ரெண்டு மாசம் வெளிய இருந்திருக்கு சார். பதிவே இல்ல. உங்க அரங்கத்துல இருந்து திரும்பப் பெற்றதுன்னு எழுதியிருக்கேன். போடுங்க சீக்கிரம்."

அவர் வளைந்த பேனாவை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். மணி நாலு தாண்டி ஐந்து நிமிடம். கையெழுத்து ஆகிவிட்டது. யாருடையது என்பதுதான் மாறிப்போயிருந்தது.

*

ஐந்தரைக்குப் பதிவறையில் ஓனரக்கா பதில் தயார் செய்தார். மனுதாரருக்கு முழுக் கோப்பின் நகல். பதில் போனதா என்று மேயரம்மா தன் ஊரிலிருந்து கடிதம் எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனதால், யாரும் தடுக்கவில்லை. நகல் எடுத்தது நான். ஒவ்வொரு பக்கத்தையும் மிஷினில் வைப்பதற்கு முன் ஓனரக்கா படித்தார். நடுநடுவே "அடப்பாவி" என்றார்.

"முப்பத்தொரு வருஷம்," என்றார் ஒரு முறை. "இதையெல்லாமாடா கட்டிக் கட்டி வெச்சேன்?"

கடைசிப் பக்கமும் முடிந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒட்டிய கவரை எடுத்தார். மனுதாரர் பெயர், விலாசம்.

"அக்கா, அதை அப்படியே பிரிக்காம மேல ஒட்டி அனுப்பிடலாமே," என்றேன். "ரகசியம்தானே."

"தபால்காரன் என்ன ஜோசியம் பார்த்தா குடுப்பான்?"

"நாளைக்குப் பிரிக்கலாம். உங்களுக்குக் களைப்பா இருக்கும்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு மறுபடி வேர்க்குது," என்றார் கூரையிடம். அவருக்கு மத்தியானம் ஒரு மணிக்கே தெரிந்திருக்கிறது.

ஓனரக்கா கவரைக் கிழித்தார். உள்ளே இருந்த சீட்டை விரித்தார். படித்தார். அது அவர் வீட்டு விலாசம்தான், கடைசியில் 'மாடி' என்று ஒரு சொல் கூடுதலாக.

சீட்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எட்டு மாதமாகச் சேர்த்த காகிதம் எல்லாவற்றையும் நான் மனதுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

"எத்தனை மணி நேரம் நின்ன?" என்று கேட்டார்.

"மூணுக்கா."

"கையைக் காட்டு."

காட்டினேன். மத்தியானம் அவர் விட்ட சாபம் எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து, திருப்பிப் பார்த்து, விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்." பிறகு, "வாடகை அதேதான். தண்ணிக்கும் அதேதான்," என்றார்.

விலாசத்தைக் கவரில் எழுதினார். ஸ்டாம்ப் ஒட்டவில்லை. அந்த வருடம் மாநகராட்சிக்கு மிச்சமான ஒரே செலவு அதுவாகத்தான் இருக்கும். நகலை அடுக்கி, நாடாவைச் சுற்றி, பழக்கத்தில் இரண்டு முறுக்கு முறுக்கினார். நிறுத்தினார். பிரித்தார். ஷூ கயிறு கட்டுவது போல ஒரு சுருக்கு மட்டும் போட்டு, வாலை வெளியே விட்டு, என் பக்கம் தள்ளினார்.

வாலைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.